இருபத்திரெண்டு ரேடியோவும் ஒரு வாடகைப் பத்திரமும்

அரசாங்கத்துக்கு ஒரு சதமும் வரி கட்ட மாட்டன் எண்டு போன சித்திரை மாதம் நான் சபதம் எடுத்தன். சத்தமாத்தான் எடுத்தன். கேக்கத்தான் ஆளில்ல. என்ட மனிசி யசோதினி விறாந்தையில இருந்து கனடாவில இருக்கிற மகளோட வாட்ஸ்அப்பில கதைச்சிக்கொண்டிருந்தா.

"புள்ள, நான் ஒரு சபதம் எடுத்திருக்கன்."

"மெல்ல எடுங்க. மகள் கதைக்கிறது கேக்குதில்ல."

நான் வினாயகமூர்த்தி. காணிக் கந்தோரில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவன். ஆரையம்பதியில மனிசிட வீட்டில இருக்கன். மனிசிட வீடு எண்டு சொன்னதைக் கவனிச்சிருப்பீங்க. எங்கட பக்கம் ஆம்பிளைக்கு வீடில்ல. பிறந்த வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமாக் குடுத்திட்டு வெளிக்கிடணும். வந்து சேருற வீடு மனிசிட சீதனம். அதை மறுகா மகளுக்கு எழுதணும். முப்பத்தாறு வருசமா இந்த வீட்டுக்கு நான்தான் பெயின்ற் அடிக்கன். வீட்டு உறுதிப் பத்திரத்தில சாட்சிக் கையெழுத்துக் கூட என்ட இல்ல.

பென்சன் எடுத்த பிறகு எனக்கொரு விசர் பிடிச்சிது. பழைய வால்வு ரேடியோ சேக்கிற விசர். புளியந்தீவில ஆராவது பழைய வீடு உடைச்சா முதல் ஆளா நிப்பன். காத்தான்குடிப் பழைய சாமான் கடைக்காரனெல்லாம் என்னைக் கண்டா விலையைக் கூட்டுவான். வாவிக் காத்துப் பட்டா உள்ள கம்பி கறுத்துப்போகும் எண்டு பின்னறை ஜன்னலை அடைச்சு, இருபத்திநாலு ரேடியோவை அடுக்கி வெச்சிருந்தன்.

என்னத்துக்கு எண்டு கேப்பீங்க. உண்மையச் சொல்றன், வீட்டில என்னோட கதைக்க ஆளில்ல. மகள் தனுஷியா கோல் எடுத்தா, "அப்பா சுகமா? அம்மாட்டக் குடுங்க." நாலே நாலு சொல்லு. ரேடியோவைப் போட்டா ஒரு நிமிசம் சூடாகி, மறுகா ஆரோ ஒராள் "வணக்கம் நேயர்களே" எண்டுவார். அந்த நேயர் நான்தான். இப்ப பழைய நிலையங்கள் பாதி இல்ல, வெறும் இரைச்சல்தான் வரும். வந்திட்டுப் போகட்டும். இரைச்சலும் எனக்காகத்தானே வருது!

தனுஷியாவுக்கு ரெண்டாவது பிள்ளை பிறக்கப் போகுது. எங்க ரெண்டு பேருக்கும் விசா வந்து ஆறு மாசம். "நீ போ, ரேடியோவை ஆர் பாக்கிற?" எண்டு நான் சொல்லிட்டன். அது சாட்டு. நாலு சொல்லுக்கு மேல என்னோட கதைக்காத வீட்டில, பனிக்குள்ள போய் நான் என்ன செய்யிற? "தனிய நான் பிளேனில ஏற மாட்டன்" எண்டு யசோதினியும் அடம் பிடிச்சா. கதை அப்படியே கிடந்திச்சு.

அந்த நேரம் பாசிக்குடாவில ஹோட்டல் கட்டுற ஒருத்தர் வந்து, அழகுக்கு வைக்க ரெண்டு ரேடியோ கேட்டார். அவர் சொன்ன விலையில எனக்குத் தலை சுத்திச்சு. குடுத்திட்டன். மிச்சத்தையும் எப்ப குடுத்தாலும் எடுக்கன் எண்டு நம்பரை மனிசிட கையில குடுத்திட்டுப் போனார். பேங்கில காசு விழுந்திச்சு. வரிப் பயமும் கூடவே விழுந்திச்சு.

"புள்ள, நான் வரிக்குப் பதிஞ்சு டின் நம்பர் எடுக்கப் போறன்."

"வரக்குள்ள ரெண்டு மீன் டின்னும் எடுத்திட்டு வாங்க."

காத்தான்குடியில வரிப் பத்திரம் நிரப்பிக் குடுக்கிற அம்ஜத்திட்டப் போனன். நல்ல பொடியன். கணக்கில புலி.

"இரிங்க ஐயா. ரேடியோ சேக்கிறது உங்களுக்குப் பொழுதுபோக்கா, யாவாரமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தம்பி?"

"பொழுதுபோக்கு எண்டா செலவைக் காட்ட ஏலாது. யாவாரம் எண்டா செலவைக் கழிக்கலாம். நட்டம் எண்டா வரியே இல்ல."

"அப்ப நான் யாவாரி."

"செலவு என்ன இரிக்கி?"

"வால்வு, ஈயம், பஸ் காசு."

"காணாது ஐயா. சாமான் வைக்கிற இடத்துக்கு வாடகை குடுக்கிறீங்களா? வீடு ஆருக்கு?"

"மனிசிக்கு." முப்பத்தாறு வருசத்தில முதல் தரமா அதைச் சந்தோசமாச் சொன்னன். "வாடகை குடுக்கன் தம்பி. மாசாமாசம் குடுக்கன்."

வாய் கூசாமப் பொய் சொன்னன். அம்ஜத் ஒரு அச்சடிச்ச வாடகைப் பத்திரத்தைத் தந்தார். அதுக்கு முந்தின வருசச் சித்திரையில இருந்து திகதி போட்டன். "வாசிச்சுப் பாத்திட்டு ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க ஐயா" எண்டு ரெண்டு தரம் சொன்னார். கந்தோரில நாப்பது வருசம் குப்பை கொட்டினவனுக்கு இதையெல்லாம் சொல்லித் தரணுமா? நான் வாசிக்கல்ல.

மனிசியும் வாசிக்கப்படாது. அதுக்கும் வழி வெச்சிருந்தன். மகளோட கதை நல்லாச் சூடேறி, "வாந்தி நிண்டிட்டா மகள்?" எண்டு கேட்டுக்கொண்டிருக்கக்குள்ள பத்திரத்தையும் பேனையையும் நீட்டினன்.

"என்ன இது?"

"சும்மா, ரேடியோ சம்பந்தமா."

நிமிர்ந்தும் பாக்கல்ல. முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து வெச்சா. எனக்கு ஆடணும் போல இருந்திச்சு. அடுத்த நாளே பத்திரம் வரிக் கந்தோருக்குப் போயிட்டு, கொப்பி ஒண்டை மேசையில வெச்சன். யாவாரத்தில பெரிய நட்டம். இப்படி ஒரு நட்டத்துக்கு ஆரும் சந்தோசப்பட்டிருக்க மாட்டாங்க.

கிழமை ஒண்டு போச்சு. சந்தையால வந்து பாத்தா, பின்னறைக் கதவில ஆமைப்பூட்டு.

"புள்ள, பூட்டு ஆர் போட்ட?"

"வீட்டுக்காரி."

"எந்த வீட்டுக்காரி?"

யசோதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்திட கொப்பியை விரிச்சா. "பன்னெண்டு மாச வாடகை வரல்ல. ஆறாவது பந்தி. மூண்டு மாசம் தவறினா அறையையும் உள்ள இருக்கிற சாமானையும் வீட்டுக்காரர் எடுக்கலாம்."

"அப்படியா கிடக்கு? நீ எப்ப வாசிச்ச?"

"முப்பது வருசம் சங்கக்கடையில வேலை செய்து, வந்த சாமானுக்குக் கையெழுத்து வெச்சவ நான். லொறிக்காரன் நீட்டக்குள்ளயே தலைகீழா வாசிச்சிருவன்."

"ஐயோ புள்ள, அது வரிக்காரனுக்குக் காட்ட எழுதின!"

"அப்ப பொய்யா? சரி, கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டிருவம்."

"பொய்யில்ல! பொய்யில்ல!"

"உண்மையெண்டா வாடகையத் தாங்க."

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி எண்டு சும்மாவா சொன்னாங்க? பொய்யெண்டா கந்தோர் பிடிக்கும். உண்மையெண்டா மனிசி பிடிக்கும். நான் கதிரையில இருந்திட்டன்.

அடுத்த நாள் காலையில ஹோட்டல் லொறி வந்திச்சு. இருபத்திரெண்டு ரேடியோவையும் எங்கட படுக்கை விரிப்பிலயே சுத்தி ஏத்தினாங்க. கடைசி ரேடியோ வாசல் தாண்டக்குள்ள எனக்கு அழுகை வந்திட்டு. வெக்கத்தைப் பாக்காம அழுதன். ஏத்துற ஆள், "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" எண்டான்.

"இவ்வளவு காசுக்கும் வரி வருமே புள்ள?"

"யாவாரம் உங்கட பேரிலதானே பதிஞ்சிருக்கு? நீங்கதான் கட்டணும்."

பின்னேரம் வெறும் அறைக்குள்ள போய்ச் சீமெந்துத் தரையில இருந்தன். சுவரில ரேடியோ நிண்ட இடமெல்லாம் வெள்ளையாக் கிடந்திச்சு. ஒரு சத்தமில்ல. பென்சன் எடுத்த முதல் நாள் இருந்த அதே அமைதி. இனி ஆர் எனக்கு வணக்கம் சொல்லப் போற?

யசோதினி தேத்தண்ணியோட வந்தா. வந்தவ போகல்ல. பக்கத்தில தரையில இருந்தா. கடைசியா நாங்க ரெண்டு பேரும் ஒண்டா இருந்தது எப்ப எண்டு எனக்கு நினைவில்ல. இடுப்பில செருகியிருந்த கடதாசியை எடுத்து என்ட மடியில வெச்சா.

"என்ன இது?"

"டிக்கட். கனடாவுக்கு."

"ரெண்டு கிடக்கு?"

"ஒண்டு உங்களுக்கு. ரேடியோ காசில எடுத்த. இனிச் சாட்டுச் சொல்ல ஏலாதுதானே?"

இருபத்திரெண்டு ரேடியோவை வித்தது என்னைக் கூட்டிக்கொண்டு போறதுக்கா? நான்தான் மடையன். என்னை ஆருக்கும் தேவையில்ல எண்டு இந்த அறைக்குள்ள இவ்வளவு காலம் பூந்து கிடந்திட்டன்.

"அப்பா வராம இருக்கப்படாது எண்டு மகள் ஒரே சண்டை" எண்டா யசோதினி. "ராத்திரியும் அழுதவள்."

"எனக்காகவா புள்ள அழுதவள்?" கண்ணைத் துடைச்சிக்கொண்டு கேட்டன்.

"பின்ன? அவள் கேட்ட சரக்குத்தூள், அரிசிமா, கருவாடு, மாசி எல்லாம் கட்டி நிறுத்துப் பாத்தா தொண்ணூறு கிலோ வருது. பிளேனில ஒராளுக்கு நாப்பத்தாறு கிலோதான் விடுவானாம். நீங்க வராட்டி மிச்சத்தை ஆர்ட பேரில போடுற?"