கம்பளிக்குள் போட்ட உத்தரவு

ஒரு பிள்ளைக்கு நாம் சொன்னது புரிகிறதா என்று சோதிப்பது சுலபம் என்று நினைப்பவன், பெரும்பாலும் தன் குரலைத் தானே ரசிக்கிற ஆளாக இருப்பான். இருபத்திரண்டு வயதில் நான் அப்படிப்பட்ட ஆள்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வாத்தியார். (பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மணி, நான்.) அங்கே முத்தம்மா என்று எட்டு வயதுப் பிள்ளை. பிறவியிலேயே காது கேட்காது என்று தோட்டமே சொன்னது. தோட்டத்துக்கு என்ன தெரியும்? ஆறே மாதத்தில் நான் அவளுக்குப் பேச்சுப் புரியவைத்துவிட்டேன். "சிலேட்டை எடு" என்றால் எடுப்பாள். "கதவைச் சாத்து" என்றால் சாத்துவாள். என் குரலில் ஏதோ விசேஷம் இருக்கிறதென்று முடிவுகட்டி, தோட்டத்துத் தொரைக்கு மூன்று பக்கம் எழுதியும் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, கொழும்புப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு இடம் இருப்பதாகத் தகவல் வந்தது. பதுளையிலிருந்து டாக்டர் வந்து, காது கேட்கவில்லை என்று எழுதிக்கொடுத்தால் முத்தம்மா போகலாம். அவள் தாய் செவனம்மா கொழுந்துக் கூடையை இறக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க கேக்குதுன்னு காட்டிப்புட்டா அந்த எடம் போயிருமுங்க. அப்புறம் இவளுக்கும் இந்தக் கூடைதாங்க."

"கேக்குற புள்ளைய கேக்கலன்னு நான் பொய் சொல்லணுமா?"

"அவளுக்குக் கேக்காதுங்க. பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. (கையெழுத்துப் போடத் தெரியாதவள் எனக்குப் பாடம் சொல்கிறாளாம்.) போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

டாக்டர் தொரையோடு வந்த அன்று நல்ல மழை. நான் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். செவனம்மா தலையில் ஈரக் கம்பளியோடு வாசலில் நின்றாள். "சிலேட்டை எடு" என்றேன். முத்தம்மா எடுத்தாள். "கதவைச் சாத்து" என்றேன். தாயை ஒதுக்கிவிட்டுச் சாத்தப் போனாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டே, "நன்றாகத்தானே கேட்கிறது" என்று பேனாவைத் திறந்தார். நான் தொரையைப் பார்த்துச் சிரித்தேன்.

"செத்த பொறுங்க சாமி" என்று உள்ளே வந்த செவனம்மா, கம்பளியை உருவி என் தலையில் போட்டு மூடினாள். "ஐயா எதச் சொன்னாலும் அவர் மோவாக்கட்ட அந்தப் பக்கமாப் போகுதுங்க. கண்ணும் கூடவே போகுது. இப்பச் சொல்லச் சொல்லுங்க."

உள்ளே கும்மிருட்டு. நனைந்த ஆட்டின் வாடை. "சொல்லும்" என்றார் டாக்டர்.

"மணியை அடி" என்றேன். சத்தமே இல்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை நான் கத்தியதில் எதிர்மலையில் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். மணி அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பளியின் ஓரம் மெதுவாக உயர்ந்தது. கீழேயிருந்து முத்தம்மா என் முகத்தை எட்டிப் பார்த்தாள். சொல்ல வந்ததை அங்கேதான் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "காது கேட்காது, புத்திக்குக் குறைச்சலில்லை" என்று எழுதினார். (என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நல்ல மனுஷர்.) எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கம்பளி இல்லாவிட்டால் என் பெருமைக்காக அந்தப் பிள்ளையின் படிப்பையே கெடுத்திருப்பேன்.

ஏழு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்த முத்தம்மா பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பார்க்க வந்தாள். ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கி எழுதினாள்: "அன்றைக்குக் கம்பளிக்குள் என்ன சொன்னீர்கள்?"

"மணியை அடி" என்று கீழே எழுதிக் கொடுத்தேன்.

படித்தாள். நேரே போய் அடித்தாள். காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் மொத்தமும் வீட்டுக்கு ஓடிவிட்டது.

இன்றைக்கும் நான் வாத்தியார் வேலை பார்த்த பெருமையை அளக்க ஆரம்பித்தால் என் மனைவி எழுந்துபோவாள். ஒரு போர்வையை எடுத்துவந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.