இனி ஆட்டிடம் சொல்ல வேண்டாம்

சாணார்பட்டி,
புதன்கிழமை.

சுவருக்கு அந்தப் பக்கம் நலமாக இருமிக்கொண்டிருக்கும் பெரியப்பா உடையப்பன் அவர்களுக்கு, உங்கள் தம்பி மகன் இளஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வாசல் ஏறினால் அப்பா என் காலை முறிப்பார் என்பதால் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி தீபாவுக்கு வீடியோவில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல். எங்கள் வீட்டுக்கு இணையம் தண்ணீர்த் தொட்டி உச்சியிலிருந்து காற்றில் வருகிறது. நடுவில் உங்கள் தென்னை. ஒத்திகை பார்த்தபோது, கீற்று அசைந்தபோதெல்லாம் தீபாவின் முகம் வாய் திறந்தபடி உறைந்தது. ஆன்டெனா மாட்டிய சிலுவைமுத்து, "நான் மாட்டிட்டேன், என் வேலை முடிஞ்சிருச்சு" என்றார். இணைய அலுவலகத்து மணிமாறன், "தகவல் பாதி வழியில தொலையுது. லைன்ல கூட்டம்னு நெனச்சு மெஷின் வேகத்தக் குறைக்குது, அம்புட்டுத்தான்" என்றார். கூட்டம் எங்கே இருக்கிறது? அசைந்தது ஒரு கீற்று. இணையத்தின் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். அது கீழ் அடுக்கில் இருக்கும் ஆன்டெனாவுக்குத் தெரியும். மேல் அடுக்கில் வேகத்தை முடிவுசெய்கிறவனுக்குத் தெரியாது. ஓர் அடுக்கு இன்னொன்றின் வேலையை விசாரிக்கக் கூடாது என்று ஏற்பாடாம். இதைக் கட்டியவன் நம் ஊர்க்காரனாகத்தான் இருப்பான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற சேதி மேலத்தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் இங்கே கோடையே முடிந்துவிடுகிறதே!

தீபாதான் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். "அண்ணே, எங்கிட்டச் சொல்றத அவருகிட்டச் சொல்லுங்க. என் பொழப்பு போயிரும்." ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு பேசினார்கள். காற்றில் தொலைந்ததைத் தொட்டியிலிருந்தே உடனே மறுபடி அனுப்புவது, "இது கூட்டமில்ல, காத்து" என்று கீழிருந்து மேலே சொல்லிவிடுவது, லைன் மெலிந்தால் வீடியோ தன் படத்தைச் சுருக்கிக் குரலுக்கு வழிவிடுவது என்று எல்லாவற்றையும் சேர்த்தே அமைத்தார்கள். பெரியப்பா, நான் எதையும் லேசில் நம்பாதவன். வெளியே கீற்று பேயாட்டம் ஆடுது, உள்ளே தங்கச்சி சிரிக்கிறா, சிரிப்பு சிரிப்பாவே போய்ச் சேருது! நானே கை தட்டிட்டேன். தொட்டி அதேதான், ஆன்டெனா அதேதான்.

நீங்களும் அப்பாவும் வருஷக்கணக்கில் எங்கள் ஆட்டிடம்தான் பேசுகிறீர்கள். "ஏ ஆடே, தேங்கா எங்க ஓட்டு மேல விழுகுதுன்னு அந்தாளுகிட்டச் சொல்லு" என்று அப்பா. "விழுந்தத எவன் தின்னான்னு கேளு ஆடே" என்று நீங்கள். ஆடு இதுவரை எதையும் கொண்டுசேர்த்ததில்லை. நேரில் பேசுங்கள் பெரியப்பா.

பெரியம்மா பழனியம்மாளின் முட்டிவலி குறையட்டும். உங்கள் தென்னை உங்கள் பக்கமே காய்க்கட்டும்.

இப்படிக்கு,
இளஞ்செழியன்

பி.கு.: சனிக்கிழமை. நேற்று நேர்காணல் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. தீபா போனோடு சுவரேறிக் குதித்து, உங்கள் கூடத்தில், உங்கள் இன்வெர்ட்டரில், உங்கள் இணையத்தில் பேசி வேலை வாங்கிவிட்டாள். நன்றி சொல்ல வந்த அப்பா உங்கள் முகத்தைப் பார்த்து, "நல்லாருக்கியாண்ணே?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். காலையிலிருந்து இருவரும் சுவருக்கு மேலே நேருக்கு நேர் தேங்காய்க் கணக்குக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். தெருவே கூடிவிட்டது. மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஆடு மட்டும் நிம்மதியாகத் தழை தின்கிறது.