உன் வீட்டுக்கு நான் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

கோர்னா புகோவித்சா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.

ஸ்பெயினில் சம்பாதித்துக்கொண்டிருக்கும் அன்பு மகன் ரஷ்கோவுக்கு, சித்தப்பா ஸ்தோய்மென் எழுதுவது. நானும் சித்தி கீனாவும் ஆடும் கோழியும் சுகம். சுகமில்லாதது உன் வீடு ஒன்றுதான். போனில் என் குரலைக் கேட்டாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால் கடிதம். படித்ததும் கிளம்பி வா.

உன் அப்பா போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீட்டின் நிலைமை உனக்குத் தெரியவேண்டாமா? முற்றத்தில் காஞ்சொறி என் உயரத்துக்கு நிற்கிறது, கூரையில் பாதிதான் ஓடு, மீதியில் பூனைக் குடித்தனம், கூடத்தில் முளைத்த வால்நட் மரம் ஜன்னல் வழியே தலையை நீட்டித் தெருவை வேடிக்கை பார்க்கிறது. நகராட்சி இன்ஜினியர் திமோவ் வந்தார். "இடிச்சிடணும்ங்க. யார் தலையிலயாவது விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். இடிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதானே! உன் வீடு போனால் எங்கள் படுக்கையறை தெருவுக்கு வந்துவிடும். நானும் சித்தியும் குறட்டை விடுவதை ஊரே நின்று பார்க்கவேண்டுமா?

உனக்கு ரோஷம் வரட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். யார் செத்தாலும் வாசற்கதவில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவோமே, அதேபோல உன் வீட்டுக்கே ஒன்று அடித்து ஒட்டினேன். அதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவதாகத் திட்டம். வீட்டின் படம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது, அதில் முன்னால் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். உன்னை வெட்டி எடுக்கலாமென்றால் கத்தரிக்கோலைச் சித்தி கோழிக்கு இறகு வெட்ட எடுத்துப் போயிருந்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே தெளிவாகத்தான் எழுதியிருந்தேன், ஆனால் நம் ஊரில் எழுத்தை யார் படிக்கிறார்கள்? எதிர்வீட்டு வெலிக்கா படத்தைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ ராசா! ஆரஞ்சு பறிக்கப் போன எடத்துல போயிட்டியே!" நான் ஓடிப்போய், "செத்தது வீடும்மா, வீடு!" என்றேன். "ஆமாண்ணே, அவன் போனப்புறம் அந்த வீடும் செத்த மாதிரிதான்" என்று என்னையும் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதற்குப்பிறகு எப்படி மறுப்பது?

மத்தியானத்துக்குள் பூக்கள் வந்தன, செத்தவர்களுக்கு வைப்பதுபோல எல்லாம் இரட்டைப்படையில். எழவுக்குப் பரிமாறும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை அண்டாவில் வந்தது. "செத்தவன் வீடு இப்பிடியா கெடக்கும்? சாமியார் வந்தா காறித் துப்பமாட்டாரு?" என்று பெண்கள் அரிவாளோடு இறங்கினார்கள். காஞ்சொறி போயிற்று, வால்நட் மரம் போயிற்று, தச்சன் மின்ச்சோ சாராயம்கூடக் கேட்காமல் கூரையேறினான். இடிக்கும் வண்டியோடு வந்த திமோவ் தொப்பியைக் கழற்றி, கோதுமை இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, "எழவு வீட்டுல எப்படிங்க கை வைக்கிறது?" என்று திரும்பிப் போய்விட்டார். உன்னைத் தறுதலை என்றவர்களெல்லாம் தங்கம் என்கிறார்கள். இரவல் வாங்கிய ஏணியை மறுநாளே திருப்பித் தருவாயாம். அது என் ஏணி, இன்னும் உன் கொல்லையில்தான் கிடக்கிறது!

இந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும்? உடனே வந்து உயிரோடிருப்பதைக் காட்டு, வீட்டைப் பார்த்துக்கொள். கர்த்தரும் புனித நிக்கோலாவும் உன்னைக் காக்கட்டும். நீ நூறு வயது வாழ, ஊர் காதில் விழாமல் வாழ்த்தும்,
சித்தப்பா ஸ்தோய்மென்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வராதே. உன் நாற்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு வெள்ளையடிப்பார்களாம், ஆறாம் மாதத்துக்கு ஓடு முழுவதும் மாற்றுவார்களாம். அதுவரை தயவுசெய்து செத்தே இரு. ஒன்றுதான் கவலை. எங்கள் கூரையும் ஒழுகுகிறது. காலையிலிருந்து சித்தி என் கல்யாணப் படத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் "சும்மாதான்" என்கிறாள். பக்கத்தில் கத்தரிக்கோல் இருக்கிறது, படத்திலிருந்து தன்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள், மிச்சமிருப்பது நான்தான்.