புறா வந்தால் ஆபரேஷன்

“ஒரே ஒரு அடையாளம் கேட்டேன் ஆண்டவரே! அதைக்கூடக் காட்ட மாட்டேங்கிறீரே!”

பல் துலக்கும் முன்பே எங்கள் அத்தான் தினமும் இதைச் சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரரின் அண்ணன், தையல்காரர். அடையாளம் கேட்கிறவர்கள் என்று ஒரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொன்னது? மலையளவு இருக்கிறது. கடவுள் தினமும் நேரில் ஆஜராகிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கடை திறக்கலாமா? மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் போகட்டும். குடை எடுக்கலாமா? நாமெல்லாம் வானத்தைப் பார்ப்போம். இவர் கண்ணை மூடி வேதபுத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த பக்கத்தில் பெருமழைக்குப் பேழை கட்டிய நோவா இருக்கிறாரா என்று பார்ப்பார். எந்தச் சோப்பு வாங்குவது என்பதற்குக்கூடப் பரலோகம் பதில் சொல்ல வேண்டும். அங்கே வேறு வேலையே இல்லையா?

இதுவரைக்கும் சிரிப்புதான். கண்ணில் புரை விழுந்ததும் வினையாகிவிட்டது. வங்கிக் காசாளரின் சட்டைக்கு முதுகில் பை வைத்துத் தைத்தார். “இந்த வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் பண்ணிடணும். இதுக்கு மேல தள்ளினா பார்வைக்கு நான் பொறுப்பில்ல” என்றார் டாக்டர்.

அத்தான் மொட்டைமாடியில் துண்டை விரித்தார். விடியும்போது துண்டு நனைந்து, தரை காய்ந்திருந்தால் ஆபரேஷன். கேட்டபடியே இருந்தது! “யாராவது தண்ணி தெளிச்சிருப்பாங்க” என்றார். மறுநாள் தரை நனைந்து, துண்டு காய்ந்திருக்கட்டும் என்றார். அதுவும் நடந்தது. “தொட்டி வழிஞ்சிருக்கும்.” சரி, கடைசியாக ஒரு வெள்ளைப் புறா.

வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ படபடத்தது. முழங்காலில் விழுந்து அழுதார். நான் போய்ப் பார்த்தேன்.

“அத்தான், அது பிளாஸ்டிக் பை.”

“அப்போ ஆபரேஷன் வேணாம்ங்கிறாரு.”

“பைக்கும் புறாவுக்கும் வித்தியாசம் தெரியல. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?”

“உனக்கு விசுவாசம் பத்தாதும்மா.”

ஆஸ்பத்திரிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, அத்தானின் மனைவி, நிமிர்ந்தாள்.

“ஏங்க, முப்பது வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். என்மேல பிரியம் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு நாளாவது புறா கேட்டிருக்கேனா? நாள்கணக்கா எங்கிட்ட பேசமாட்டீங்க. வீட்லயே இல்லன்னா நெனச்சேன்?”

அத்தான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“பயமா இருக்குடி.”

“எனக்கும்தான். செருப்பைப் போடுங்க.”

வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் மேசையில் படுத்துவிட்டார். கட்டு நாளைக்குத்தான் அவிழ்ப்பார்கள். பார்வை வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மனுஷன் இப்போதே “ஸ்தோத்திரம்” சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். ‘பஸ் உடனே வந்தால் போகலாம், மழை விட்டால் போகலாம்’ என்று வாசலில் நின்று யோசிக்கிறீர்களா? அப்படியானால் துணிமணியோடு வாருங்கள். பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.