ஓவன் கதவில் ஒட்டிய முன்னுரிமை

ஒரு தொழிலுக்கு எது முக்கியம் என்று முடிவு செய்வதே அந்தத் தொழிலுக்கு மிக மிக முக்கியம் என்பது ஆல்விக் நகராட்சியின் மேலான கொள்கை. சுவீடன் கடலோரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. மறுப்பதென்றால் கூட்டம் போட வேண்டும், கூட்டத்துக்குக் காபி போட வேண்டும், எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ளும்வரை வீட்டுக்குப் போக முடியாது.

காகித ஆலையை மூடியதும் வேலை போன குன்வோர், வீட்டிலேயே ஏலக்காய் பன் சுட்டு விற்கலாம் என்று கிளம்பினாள். அவள் பன் சுட்டால் தெருமுனை வரை மணக்கும். படகுத்துறையில் காபிக்கடை வைத்திருக்கும் சீவ் ஒன்றைத் தின்றுவிட்டு, "கோடைத் திருநாளுக்குக் கொண்டு வாடி. ஜனங்களுக்குப் பிடிச்சுதுன்னா கோடை முழுக்க உன்கிட்டதான் வாங்குவேன்" என்றாள். குன்வோருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி பிழைப்பே அந்த ஆர்டர்தான்.

தொழிலைப் பதிவு செய்யப் போன இடத்தில், வீட்டுத்தொழில் ஆலோசகர் ஹென்னிங்கிடம் வசமாக மாட்டிக்கொண்டாள். அவர் பன்னை ரசித்துத் தின்றார்.

"பிரமாதம்! சரி, உங்க முதல் முன்னுரிமை என்ன?"

"பன் சுடுறதுங்க."

ஹென்னிங் அவளைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது வேலைங்க. வேலையை யார் வேணும்னாலும் செஞ்சிடலாம். நான் கேக்குறது முன்னுரிமை!"

மறுநாளே கலர் கலரான ஒட்டுச் சீட்டுகளோடு வீட்டுக்கு வந்து இறங்கினார். அந்த வருஷம் ஊரில் அதுதான் நாகரிகம். சீட்டுக்கொரு முன்னுரிமையாக எழுதி ஒட்டியதில் சுவர் நிறைந்தது, அலமாரி நிறைந்தது, மிச்சத்தை ஓவன் கதவில் ஒட்டினார்.

"ஐயையோ, ஓவனைப் போட்டா சூட்டுல பசை இளகிடுமே?"

"அப்ப போடாதீங்க. முன்னுரிமையே கீழ விழுந்துட்டா அப்புறம் தொழில் எங்க இருக்கு?"

குன்வோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் புருஷன் ரூனேவுக்குத்தான் படவில்லை.

"அடியே, அந்தக் கண்றாவியைப் பிச்சுப் போட்டுட்டுப் பன்னைச் சுடு!"

"உங்களுக்கு என்னங்க தெரியும்? அதுல 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி'ன்னு எழுதியிருக்கு. அதைப் போய்ப் பிய்க்கச் சொல்றீங்களே, மனுஷன்தானா நீங்க?"

அடுத்தது பணியாளர் நலன். முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியாக வேண்டும் என்பது அந்த நாட்டில் யாரும் மீறாத மரபு. குன்வோரின் நிறுவனத்தில் முதலாளியும் குன்வோர், தொழிலாளியும் குன்வோர். அதனால் ஹென்னிங் முன்னிலையில் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு கோப்பைக் காபியும் வைத்தாயிற்று.

"எப்படிம்மா இருக்கே?" என்று இந்த நாற்காலியிலிருந்து கேட்டாள். எழுந்து அந்த நாற்காலிக்குப் போய், "ஆர்டரை நெனச்சாலே தூக்கம் வரலீங்க, முதலாளியம்மா" என்றாள்.

ஓடிவந்து மறுபடி இதில் உட்கார்ந்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. "அடப் பாவமே! திருநாள் முடியுறவரைக்கும் நீ ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது."

ஹென்னிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

"நானாவது சுடுறேன், மாவை எடு" என்றான் ரூனே.

"புது ஆள் சேர்க்கிறது தனி முன்னுரிமைங்க. சுவத்துல இடமில்ல" என்றார் ஹென்னிங்.

திருநாளுக்கு முந்தின நாள் சீவ் போன் செய்தாள்.

"நாளைக்குப் பன் வந்துடும்ல?"

"முதலாளி நான் தயாராத்தான் இருக்கேன் சீவ். தொழிலாளிதான் ஓய்வுல இருக்கா."

"யாருடி அது?"

"நான்தான்."

அந்த ஊரில் ஓய்விலிருப்பவரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. "பாவம், நல்லா ஓய்வெடுக்கட்டும். நாளைக்குப் பன் இல்லாமலே சமாளிச்சுக்கிறேன். கோடை ஆர்டரை நான் வெளியூர் கம்பெனிக்குக் குடுத்துடுறேன்" என்று சீவ் போனை வைத்துவிட்டாள்.

குன்வோருக்கு, என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே என்று அழவேண்டும்போல் இருந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் சீவிடம் கெஞ்சிக் கேட்டாவது பார்க்கலாம் என்று போனாள். கடை வாசலில் 'இன்று பன் இல்லை' என்று பெரிய பலகை. பலகைக்கு முன்னால் படகுத்துறையின் மறுகோடி வரை வரிசை. எல்லோர் கையிலும் அங்கிருந்த பெட்டியிலிருந்து கிழித்தெடுத்த வரிசை எண் டோக்கன்.

"பன் இல்லையாமே, அண்ணே?" என்று கடைசியில் நின்றவரிடம் கேட்டாள்.

"அது தெரியும்மா. முன்னால போய், இல்லைன்னு கேட்டு, நன்றி சொல்லிட்டுத்தானே வரணும்? பாதியில போனா இடம் போயிடும்ல! வரிசை நல்லாத்தான் நகருது."

பன் ஏன் இல்லை என்று இந்த உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்தவள் குன்வோர்தான். அவளும் ஒரு டோக்கனைக் கிழித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

மூச்சிரைக்க ஹென்னிங் வந்து சேர்ந்தார். "எதுக்குங்க இந்த வரிசை?"

"முதல்ல டோக்கனை எடுங்க. எதுக்குங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஹென்னிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, தொழில் உங்களுக்குப் பிடிபட்டுடுச்சு!" என்று டோக்கனைக் கிழித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றார்.