பெயர் அழிந்த சிவப்பு அட்டை

டாரல் பொத்தானை அழுத்தினான். டிக், டிக், டிக். ஹீட்டர் பற்றவில்லை.

"இன்னொரு தடவை அழுத்து மாப்ளே" என்றான் தவீத்தா, வாயில் பாதி சாசேஜ் ரோலுடன்.

"நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும். உள்ள கேஸ் சேர்ந்திருந்தா மொத்தமா பிடிக்கும். உன் புருவம் உனக்கு வேணுமா வேணாமா?"

பூமியின் தென்பாதியில் மே மாதம்தான் குளிர் தொடங்கும்; அன்று முதல் கடுங்குளிர். இறைச்சித் தொழிற்சாலையின் ஓய்வறையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து குளிரறையில் ஆட்டிறைச்சி வெட்டியவர்கள். ஒன்பதரைக்கு விடும் கால் மணி நேர இடைவேளையில் ஹீட்டர் முன்னால் கையை நீட்டினால்தான் விரல்கள் மறுபடி கத்தி பிடிக்கும்.

இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர் டாரலுக்கு வேறு அவசரம். தலைமை ஃபிட்டர் நெவில் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு யார் என்று மேலாளர் லொரெய்ன் இன்று மதியம் அறிவிக்கப் போகிறாள். டாரல்தான் என்று டாரல் மனைவியிடம் சொல்லியாகிவிட்டது. அவள் தங்கையிடம் சொன்னாள். தங்கை ஊருக்கே சொல்லிவிட்டாள்.

கேன்டீன் பெரில் ரோல் கணக்கைப் பென்சிலால் எழுதிக்கொண்டே கேட்டாள்: "கண்ணு, முதல்ல கேஸ் வருதான்னு பாத்தியா?"

"பெரில், நீ ரோலைச் சூடு பண்ணு. ஹீட்டரை நான் பாத்துக்கறேன்."

கேஸ் வால்வு சுவருக்கு வெளியே இருந்தது. வெளியே மழை. மதியத்துக்கென்று தேய்த்துப் போட்ட சட்டை அவன் உடம்பில் இருந்தது.

குனிந்து முகர்ந்தான். கேஸ் வாடை இல்லை. இருந்தாலும் விதிப்படி செய்ய வேண்டுமே என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டான். மழை சாய்வாக உள்ளே வந்து டீயில் விழுந்தது.

"ஹீட்டரைப் பாக்கச் சொன்னா அறையைக் குளமாக்கறான்" என்றது ஒரு குரல்.

"இந்தா லைட்டர்" என்று நீட்டினான் தவீத்தா.

"உள்ள வை. ஹீட்டர்ல லைட்டர் காட்டினவனை நான் ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கேன்."

மூடியைக் கழற்றினான். பொறி வரும் கம்பி முழுக்கத் தூசி. ஊதினான். ஆறு மாதத் தூசி எழும்பி நாற்பது பேரின் தட்டிலும் சமமாக இறங்கியது.

"ஆட்டுக்குக் கூட இவ்வளவு உப்பு போட மாட்டாங்கடா!"

கம்பியைத் துணியால் துடைத்து அழுத்திப் பார்த்தான். பொறி நோஞ்சானாக வந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஸ்டோரில் புதுசு வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். டாரல் நாற்காலி மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவி ஹீட்டருக்குள் போட்டான்.

நல்ல நீலப் பொறி. பார்க்கவே அழகாக இருந்தது. தீ மட்டும் வரவில்லை.

கடிகாரம் ஒன்பது முப்பத்தெட்டில் நின்றது.

வேலை மணி அடித்தது. யாரும் எழவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதி தவீத்தாதான். ஆறடி மூன்றங்குல சமோவாக்காரன். அவன் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்: "ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? 'சுவர்க் கடிகாரப்படி ஒன்பதே முக்கால் வரை.' இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

நாற்பது தலைகளும் கடிகாரத்தைப் பார்த்து ஆடின.

உள்ளே வெட்டு வரிசை நின்றுபோனது. அறுநூறு ஆடு கொக்கியில் தொங்கியது. வெள்ளை ஹெல்மெட்டுடன் லொரெய்ன் வந்து நின்றாள். "டாரல், என்ன நடக்குது இங்க?"

"ரெண்டு நிமிஷம் லொரெய்ன். கேஸ்தான் வரல" என்று மழைக்குள் ஓடினான். தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வால்வு மூடியிருந்தது. கைப்பிடியில் கம்பி கட்டி ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. 'அபாயம். இயக்காதே.' மழையில் பெயர் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. கைப்பிடிக்கு அடியில் மறைந்த மூலையில் தேதி மட்டும் ஊதா மையில் மிச்சமிருந்தது. நவம்பர், முதல் செவ்வாய்.

சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டவன்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. தொட்டவன் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த விதி சும்மா வந்ததில்லை. விரல் குறைந்த இரண்டு பேர் அந்த ஓய்வறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு தொங்கவிட்டது?" என்று கேட்டாள் லொரெய்ன், டாரல் நனைந்து உள்ளே வந்ததும்.

"எவனோ ஒரு முட்டாள். அட்டையை மார்க்கர்ல எழுதணும்னு கூடத் தெரியல. சாதாப் பேனாவுல எழுதியிருக்கான். நெவிலாத்தான் இருக்கும்."

குவீன்ஸ்லாந்தில் இருந்த நெவிலுக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான்.

"நவம்பர் முதல் செவ்வாயா? அது கப் நாள்டா! நாடே குதிரைப் பந்தயம் பாக்கும். முப்பது வருஷமா அன்னிக்கு நான் லீவு. போனை வை, தூண்டில்ல மீன் கடிக்குது."

தவீத்தா கைகளைக் கட்டிக்கொண்டான். "ஆள் கிடைக்கணும், அட்டை இறங்கணும், ஹீட்டர் எரியணும். அது வரைக்கும் கத்தியைத் தொட மாட்டோம்."

லொரெய்ன் புகார்ப் படிவத்தை நீட்டினாள். "எழுது டாரல். விசாரிச்சுக் கண்டுபிடிக்கறேன். ஆள் யாரா இருந்தாலும் சரி."

டாரலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தலைமை ஃபிட்டர் எப்படி எழுதுவானோ அப்படி எழுத வேண்டும். சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினான். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்:

"'அட்டையை மழையில் கரைந்துபோகும் மையில் எழுதி, ஆறு மாதம் மறந்துபோய், நாற்பது பேரைக் குளிரில் விறைக்க விட்ட இந்த ஆள், எந்தப் பொறுப்புக்கும் லாயக்கில்லாதவன். இவனுக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே எழக் கூடாது.'"

"கடுமையா இருக்கே" என்றாள் லொரெய்ன்.

"பாதுகாப்பு விஷயத்துல தயவு தாட்சணியம் பாக்கக் கூடாது."

நாற்பது பேரும் மேஜையைத் தட்டினார்கள். தவீத்தா விசிலடித்தான். டாரல் அடியில் நீளமாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினான். லொரெய்ன் வாங்கிப் படித்தாள். "ஒவ்வொரு வார்த்தையும் சரி. இது இன்னிக்கே கோப்புல ஏறுது" என்று தன் கையெழுத்தையும் போட்டாள்.

கேன்டீன் ஜன்னலிலிருந்து பெரில் கையை நீட்டினாள்.

"கையெழுத்து போட்டு முடிச்சாச்சா கண்ணு? அப்ப என் ஊதாப் பேனாவைக் குடு. கப் நாளன்னிக்கு, 'பந்தயம் ஆரம்பிக்கப் போகுது, சீக்கிரம்'னு பறந்து வந்து அந்த அட்டையை எழுத வாங்கிட்டுப் போனவன், இன்னும் திருப்பித் தரல."