மருத்துவ விடுப்பில் போன புள்ளிகள்

இயற்கையையே மிரட்டி வேலை வாங்கும் ஒரு மனிதரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, இயற்பியல் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பாக்கியம் கிடைத்தது. அவர்தான் எங்கள் பேராசிரியர்.

மற்ற இடங்களில் முதலில் அளந்துவிட்டுப் பிறகு கோடு போடுகிறார்களாம். பாவம், வேலை தெரியாதவர்கள். எங்கள் ஆய்வகத்தில் கோடு முதலிலேயே தயார். கூட்ட அறைச் சுவரில், ஜன்னல் ஓரம் தொடங்கிக் கதவு வரை, கறுப்புப் பெயின்ட்டில் நூல் பிடித்ததுபோல் நேராக இறங்கும். ஒரு புது உலோகக் கலவையைக் குளிர வைத்துக்கொண்டே போனால் அதன் மின்தடை எப்படிக் குறையும் என்று சொல்லும் கோடு. அடியில் பேராசிரியரின் பெயர், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

எங்கள் பணி எளிது. அளக்க வேண்டும், கிடைத்த புள்ளிகளை அந்தக் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். உட்கார மறுக்கும் புள்ளிக்கு 'உடம்பு சரியில்லை'. அதற்கு 'மருத்துவ விடுப்பு' கொடுத்து அனுப்பிவிடுவோம். என்ன ஒரு மனிதாபிமானம்!

புள்ளிகளுக்கு உட்கார இடம் இருந்தது. எனக்கு இல்லை.

"யாராவது போனாத்தான்பா மேசை காலியாகும். அதுவரைக்கும் அனுசரிச்சுக்கோ" என்றார் பேராசிரியர். பம்ப் வந்து இறங்கிய மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அனுசரித்தேன்.

அம்மா போனில் கேட்டாள். "என்னடா கண்டுபிடிச்ச?"

"முதல்ல ஒரு மேசை கண்டுபிடிக்கணும்மா."

"ஏன், தொலைச்சுட்டாங்களா?"

அடுத்து ஆய்வை முடித்துப் போக வேண்டியவர் வளைவக்கா. அவரோடு சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவருடைய ஆய்வேடு அந்த நேர்க்கோட்டைப் பற்றியது. தலைப்பு, பேராசிரியர் மனமுவந்து கொடுத்தது. ஆனால் அக்கா அளந்தால் மட்டும், கடுங்குளிரில் புள்ளிகள் கோட்டை விட்டு மேலே வளைந்துவிடும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"தெர்மாமீட்டருக்கு உடம்பு சரியில்ல. மாத்தும்மா" என்றார் பேராசிரியர். அக்கா மாற்றினார். வளைந்தது. மறுபடி மாற்றினார். மறுபடி வளைந்தது.

"எல்லா தெர்மாமீட்டருக்குமா சார் ஒரே வியாதி?"

"தொத்து வியாதிம்மா. ஒரே அலமாரியில வெச்சா அப்படித்தான்."

"ஆமாம் சார்" என்றார் இன்னொரு மூத்த மாணவரான ஆமாம் அண்ணன். அவர் எங்கள் ஆய்வகத்தின் மிகத் துல்லியமான கருவி. எந்த வெப்பநிலையிலும் ஒரே அளவுதான் காட்டுவார்.

கடைசியில் அக்கா வளைந்த புள்ளிகளையெல்லாம் விடுப்பில் அனுப்பிவிட்டு, ஆய்வேட்டில் நேர்க்கோட்டையே எழுதி முடித்தார்.

"அந்த வளைவு நிஜம்தானேக்கா?" என்று கேட்டேன்.

"நிஜம்தான் தம்பி. நிஜத்தை வெச்சு நான் என்ன பண்ண? ஒரு கையெழுத்துப் போட்டுட்டார்னா வீட்டுக்குப் போயிடுவேன். நீயும் பெட்டியை விட்டு எந்திரிச்சிடுவ."

கையெழுத்து வாங்க வேண்டிய நாளில், வெளியூரிலிருந்து ஒரு விருந்தாளி விஞ்ஞானி கூட்டத்துக்கு வந்திருந்தார். சுவரைப் பார்த்தார். அக்காவின் வரைபடத்தைப் பார்த்தார்.

"இன்னும் குளிர வெச்சுப் பார்க்கலையா நீங்க?"

பேராசிரியர் இருமினார். நேரில் கேட்டால் அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. விடுப்பில் இருந்த புள்ளிகளைத் திரையில் காட்டிவிட்டார்.

விருந்தாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அட! இது பெரிய கண்டுபிடிப்பாச்சே! யார் பார்த்தது?"

"நம்ம ஆய்வகம்தான்" என்றார் பேராசிரியர், கண் இமைக்காமல். "ரொம்ப நாளாவே எனக்கு ஒரு சந்தேகம்."

"ஆமாம் சார்."

அந்த நொடியே புள்ளிகள் அனைத்தும் பூரண குணமடைந்து பணிக்குத் திரும்பின. மருத்துவ உலகம் காணாத அதிசயம்!

விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்த பேராசிரியரின் முன்னால் அக்கா சிரித்த முகத்தோடு ஆய்வேட்டை வைத்தார்.

"சார், கையெழுத்து..."

"இதுலயா? இது நேர்க்கோட்டைப் பத்தினதும்மா. நேர்க்கோடு தப்புன்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. தப்பான ஆய்வேட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? எனக்குன்னு ஒரு மனசாட்சி இருக்கில்ல?"

"கோடு போட்டது நீங்க சார்."

"நம்பினது நீதானேம்மா."

"வளைவை அளந்தது நான்."

"யார் இல்லைன்னு சொன்னா? அதை நான் எழுதிக்கிறேன். நீ முதல்லேர்ந்து ஆரம்பி."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் "ஆமாம் சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அறிவியலில் நிதானம் முக்கியம்.

மறுநாள் காலை பெயின்டர் வந்து சுவரில் கோட்டை அழித்துவிட்டு வளைவை வரைந்தார். கீழே இருந்த பெயரை அழிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அக்கா வரவில்லை. அவருடைய மேசையைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.